கெபியின் கீழே முழந்தாளிட்ட சிறுமி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. கோயிலின் இடப்புறம் சிறியதொரு தோட்டம். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பூத்து நிற்கும் அத்தோட்டத்தின் நடுவே, மலைக்குகை போலக் கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய கெபி. மேலே மாடத்தில் வெள்ளாடையும் நீலக் கச்சையும் அணிந்த மாதா. கீழே, முக்காடிட்டுச் செபமாலை ஏந்தி முழந்தாளிட்டிருக்கும் ஒரு சிறுமி. வருகிறவர்கள் மாதாவுக்கு மாலை சாத்துவார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள். கீழே இருக்கும் பெண் யாரென்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை.

நாங்கள் கிறித்தவர்கள் அல்லோம். ஆயினும் என் தாயாருக்கு நெடுநாளாக இழுப்பு நோய். பனிக்காலம் வந்துவிட்டால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். யாரோ சொல்லக் கேட்டு, சனிக்கிழமைதோறும் கெபியில் மெழுகுதிரி ஏற்றிவரும்படி என்னிடம் காசு கொடுத்தனுப்புவார். ஓராண்டு நான் தவறாமல் ஏற்றினேன். அந்த ஆண்டு கார்த்திகையில்தான் நோய் முற்றி, அம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் எனக்கு மனம் கசந்துவிட்டது. அவர் கொடுத்த காசில் தேநீர் குடித்துவிட்டு, திரி ஏற்றியதாகப் பொய் சொன்னேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்காலத்தில் ஒருநாள் வகுப்பில் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைப் பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பேரரசனின் ஆணையால் 1858ஆம் ஆண்டில் லூர்து என்ற சிற்றூரில் அடைக்கப்பட்டிருந்த ஒரு குகை திறந்துவிடப்பட்டது என்று எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் குறிப்பிட்டார். நான் நாள்தோறும் கடந்து வந்த கெபி அக்குகையின் சாயல் என்பதை அன்றுதான் அறிந்தேன். நூலகத்தில் தேடிப் படித்தேன். கீழே முழந்தாளிட்ட பெண்ணின் பெயர் பெர்னதெத்.

வறுமையில் பிறந்த மகள்

பிரான்சு நாட்டின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ளது லூர்து. அங்கே ஒரு மாவு ஆலையில் 1844 ஜனவரி 7ஆம் நாள் பெர்னதெத் பிறந்தாள். தந்தை பிரான்சுவா சூபிரூ, தாய் லூயிஸ். தந்தை நல்லவர், ஆனால் கணக்குத் தெரியாதவர். கடன் பெருகியது, ஆலை கைவிட்டுப் போயிற்று. இறுதியில் குடும்பம் முழுவதும், முன்பு சிறைக்கூடமாக இருந்து, கைதிகளுக்கே ஆகாது என்று கைவிடப்பட்ட ஒற்றை அறையில் குடியேறியது. மாவு திருடியதாக ஐயுற்றுத் தந்தையைச் சில நாள் சிறையில் வைத்து, பின் விடுவித்தார்கள்.

மூத்த மகளான பெர்னதெத், 1855இல் லூர்தைத் தாக்கிய காலராவுக்கு ஆளாகி உயிர் தப்பினாள். உயரமும் மிகக் குறைவு. பதினான்கு வயதாகியும் எழுதப் படிக்கத் தெரியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவளுக்கு இருந்த நோய் இழுப்பு. இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மசபியேல் குகை

1858 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. வீட்டில் விறகு இல்லை. தங்கையோடும் ஒரு தோழியோடும் சுள்ளி பொறுக்கக் காவ் ஆற்றங்கரைக்குச் சென்றாள். மற்ற இருவரும் குளிர்ந்த நீரில் இறங்கி அக்கரை சென்றனர். நோயாளியான இவள் தயங்கி நின்று காலுறையைக் கழற்றும்போது, மசபியேல் என்னும் பாறைக்குகையின் மாடத்தில் ஓர் இளம்பெண்ணைக் கண்டாள். ஜூலை 16 வரை பதினெட்டு முறை அக்காட்சி கண்டதாக அவள் கூறினாள்.

அந்த அம்மையார் பிரெஞ்சில் பேசவில்லை. லூர்து ஏழைகளின் வட்டார வழக்கிலேயே பேசினார். பதினைந்து நாள் இங்கு வர இயலுமா என்று, பெரியவர்களிடம் கேட்பது போல் மரியாதையாகக் கேட்டார். ஊரில் யாரும் மதியாத அச்சிறுமிக்கு அந்த மரியாதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

பிப்ரவரி 25 அன்று, அம்மையார் காட்டிய இடத்தைக் கையால் கிளறி, ஊறிய சேற்று நீரை அள்ளிக் குடித்தாள். முகமெல்லாம் சேறு. கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்று சிரித்தார்கள். அந்தச் சேறு தெளிந்து ஊற்றாயிற்று, இன்றும் ஓடுகிறது. மார்ச் 25 அன்று அம்மையார் தம்மை அமல உற்பவம் என்று அறிவித்தாராம். 1854இல்தான் திருத்தந்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்திருந்த அச்சொல்லின் பொருள் அச்சிறுமிக்குத் தெரியாது. மறந்துவிடாமலிருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடிப் பங்குக்குரு பெய்ரமாலிடம் ஒப்புவித்தாள்.

காவல் ஆணையர் ஜாக்கோமே விசாரித்தார், மருத்துவர்கள் சோதித்தார்கள். அவள் சொல்லை மாற்றவில்லை. யாரையும் நம்பும்படி வற்புறுத்தவும் இல்லை. வறுமையில் வாடியபோதும், வந்தவர் நீட்டிய பணத்தை அவள் தொடவில்லை. அதிகாரிகள் வேலியிட்டு அடைத்த குகை, அவ்வாண்டு அக்டோபரில் பேரரசனின் ஆணையால் திறக்கப்பட்டது. மறைமாவட்ட ஆயர் நான்காண்டு ஆராய்ந்து 1862இல் காட்சி உண்மையென அறிவித்தார்.

நெவேர் மடத்துத் தோட்டம்

எல்லாரும் அறிந்த கதை இத்துடன் முடிந்துவிடுகிறது. என்னை உலுக்கியது இதற்குப் பிந்திய கதை.

1866 ஜூலையில் பெர்னதெத் லூர்தை விட்டு, தொலைவிலுள்ள நெவேர் நகரின் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மரி பெர்னார் என்பது அவருடைய துறவுப் பெயர். சேர்ந்த மறுநாள் சகோதரிகள் அனைவர்முன்னும் ஒருமுறை தம் கதையைச் சொன்னார். அதன்பின் அதைப் பேசலாகாது என்பது கட்டளை. அவ்வாண்டு டிசம்பரில் தாய் இறந்தார்; 1871இல் தந்தை இறந்தார். இருவர் முகத்தையும் காண அவர் செல்லவில்லை. குகையையும் மீண்டும் பார்க்கவில்லை. 1876இல் லூர்தில் பெருங்கோயில் அபிஷேகமானபோது, ஆயிரமாயிரம் மக்கள் திரண்டனர். அவர் நெவேரில் நோயாளிகளோடு இருந்தார். வேலை முடிந்தபின் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைப்பதுபோல் மாதா தம்மையும் வைத்துவிட்டார் என்பது அவருடைய எண்ணம். அதில் அவருக்கு வருத்தமில்லை.

ஆனால் மடத்துத் தோட்டத்தின் கோடியில் ஒரு சிறு மாதா சிலை இருந்தது. வந்த புதிதில், ஊர் நினைவு வாட்டியபோதெல்லாம் அங்கே செல்வார். லூர்துக் குகைக்காகச் சிற்பி ஃபபிஷ் செதுக்கிய, 1864இல் நிறுவப்பட்ட பளிங்குச் சிலை அவருக்கு நிறைவளிக்கவில்லை. யாரும் பெரிதாகக் கருதாத இத்தோட்டத்துச் சிலையிலோ, தாம் கண்ட முகத்தின் சாயல் சிறிது இருப்பதாகச் சொன்னார். உலகம் லூர்துக்கு ஓடியது. லூர்தை உலகுக்குத் தந்தவருக்கு ஒரு தோட்டத்து மூலை போதுமாக இருந்தது.

இழுப்பு அவரை விடவில்லை. முழங்காலில் எலும்புருக்கி நோயும் சேர்ந்தது. அவர் கைபட்டுப் பிறந்த ஊற்றில் பலர் நலம் பெற்றதாகச் சொன்னார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் அனுபவத்தைப் பதிந்துள்ள லூர்தில், நெடிய மருத்துவ ஆய்வுக்குப்பின் திருச்சபை புதுமையென ஏற்றவை எழுபதுக்குச் சற்று மேல்தான். ஆனால் அந்த ஊற்று தமக்கானதன்று என்பதை அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். மருத்துவக்கூடத்தில் பிற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அதுவும் முடியாதபோது படுக்கையில் கிடந்து பிறருக்காகச் செபிப்பதே தம் வேலை என்றார். 1879 ஏப்ரல் 16ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அதே தோட்டத்திலுள்ள புனித சூசையப்பர் சிற்றாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். 1925இல் உடலை எடுத்து மடத்துக் கோயிலில் கண்ணாடிப் பேழையில் வைத்தனர். 1933 டிசம்பர் 8இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

மீண்டும் தோட்டத்தில்

அடுத்த சனிக்கிழமை நான் கெபிக்குச் சென்றேன். தோட்டக்காரப் பெரியவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதன்முறையாக மேலே பார்க்காமல் கீழே பார்த்தேன். மூக்குடைந்து சாயம் போயிருந்த சிறுமியின் சிலை. திரி ஏற்றியும் நோய் தீரவில்லையே என்று கோபித்துக்கொண்ட நான், இங்கேயே முழந்தாளிட்டிருந்தவளின் நோயும் தீரவில்லை என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அவள் வாங்குவதற்காக வந்தவள் அல்லள். அழைத்தார்கள் என்று வந்தவள்.

அன்றிரவு அம்மாவிடம் தேநீர்க் காசின் உண்மையைச் சொன்னேன். பெர்னதெத்தின் கதையையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கும் இழுப்பா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அம்மாவுக்கு இழுப்பு இன்னும் இருக்கிறது. மருந்தும் தொடர்கிறது. சனிக்கிழமைகளில் காசு கொடுக்கிறார். ஆனால் இப்போது தமக்காக அன்று. கீழே இருக்கும் அந்தப் பிள்ளைக்காக ஏற்றிவிட்டு வரச் சொல்கிறார். நண்பர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும், அவ்வழியே போகும்போது ஒருமுறை நின்று, மாடத்தின் கீழே பாருங்கள்.