11 விநாடி பறந்த விமானம், 30 வயதில் முடிந்த வாழ்வு

ரப்பரை முறுக்கிவிட்டால் விசிறி சுழன்று பறக்கும் பொம்மை விமானம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கந்தூரிக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு நாளில் உடைந்தும் போகும். அந்த ரப்பர் முறுக்கைக் கொண்டு முதன்முதலில் விமானத்தைப் பறக்கவிட்டவர் யார் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர்.

நம் செஞ்சிக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1761 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. எனவே புஸ்ஸி, டூப்ளே போன்ற பெயர்கள் செஞ்சி வரலாறு படித்தவர்களுக்குப் பழக்கம். கோட்டை பிடித்தவர்களின் பெயர் ஊருக்கு ஊர் நிலைத்துவிடுகிறது. பிள்ளைகள் கையில் பறக்கும் பொருளைக் கொடுத்தவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. அந்த மனிதரைத்தான் இந்தக் கட்டுரையில் நினைவுகூர்கிறோம்.

பெனோ 1850-ஆம் ஆண்டு மே 31 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை கடற்படை அட்மிரல். மகனும் கடற்படைக்குப் போவான் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால் இடுப்பு எலும்பைப் பாதித்த நோய் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத அந்த இளைஞர் பறவைகளையும் காற்றையும் பற்றிப் படிக்கத் தொடங்கினார்.

அவருக்கு முன்பும் பறக்கும் பொம்மைகள் செய்தவர்கள் உண்டு. அவர்கள் வில்லின் நாணையோ கடிகாரச் சுருளையோ நம்பினார்கள். முன்னதற்கு வலு போதவில்லை, பின்னதற்குக் கனம் அதிகம். 1870-இல் பெனோ முறுக்கிய ரப்பரைக் கையில் எடுத்தார். மலிவான பொருள், எடை குறைவு, முறுக்கினால் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு முதலில் செங்குத்தாக எழும் ஒரு சிறு ஹெலிகாப்டர் பொம்மையைச் செய்தார்.

அதே ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. முற்றுகை முடிந்ததும் உள்நாட்டுக் கலவரம் வெடித்து, நகரம் மறுபடி ரத்தம் சிந்தியது. அந்தக் காயம் ஆறாத நிலையில், 1871 ஆகஸ்ட் 18 அன்று, பாரிஸின் துய்லெரி பூங்காவில் வான்பயணச் சங்கத்தார் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் 21 வயது பெனோ தன் சின்னஞ்சிறு விமானத்தைப் பறக்கவிட்டார்.

அதற்கு அவர் வைத்த பெயர் பிளானோஃபோர். இறக்கையின் அகலம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், நீளம் 50 சென்டிமீட்டர், எடை 16 கிராம். ஒரு குச்சி, அதன் அடியில் ரப்பர், பின்னால் விசிறி, நடுவில் இறக்கை, விசிறிக்குச் சற்று முன்னே ஒரு சிறிய வால். அது சுமார் 40 மீட்டர் தூரம், 11 விநாடிகள் பறந்தது. ஆளும் இல்லை, கயிறும் இல்லை. தானாகவே தன்னைச் சமன்படுத்திக்கொண்டு பறந்தது.

அந்தச் சமநிலையில்தான் அவருடைய பெரிய சாதனை இருக்கிறது. வாலை இறக்கைக்கு இணையாக வைக்காமல், அதன் முன் விளிம்பு கொஞ்சம் தாழ்ந்திருக்குமாறு வைத்தார். விமானத்தின் மூக்கு தாழ்ந்து வேகம் கூடினால், வாலின் மேல் விழும் காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு தானாக நிமிரும். மூக்கு அதிகம் நிமிர்ந்தால் எதிர்மாறாக நடக்கும். இறக்கையின் நுனிகளையும் அவர் சற்று மேல்நோக்கி வளைத்திருந்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து விமானம் நேராகிவிடும். இன்று நம் தலைக்கு மேலே போகும் பயணிகள் விமானங்களிலும் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் பார்க்கலாம்.

வால் என்றதும் நமக்கு குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நினைவுக்கு வருகிறார். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த அறிஞர் உடலில் சிறகுகளைக் கட்டிக்கொண்டு பறந்தார் என்றும், தரையிறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், வால் வைக்காததே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டதாகவும் 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து அந்த வால் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று செய்து காட்டியவர் பெனோ. அறிவு ஒரு சமுதாயத்தின் தனிச்சொத்து இல்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பொம்மையோடு அவர் நிற்கவில்லை. 1876-இல் போல் கோஷோ என்ற இயந்திர வல்லுநருடன் சேர்ந்து, இருவர் பயணம் செய்யும் முழு அளவு விமானத்துக்குக் காப்புரிமை பெற்றார். நீரிலும் நிலத்திலும் இறங்கும் அமைப்பு, உள்ளே மடங்கும் சக்கரங்கள், எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள், விமானத்தை இயக்க ஒரே ஒரு கைப்பிடி, விமானிக்குக் கண்ணாடி மூடி என்று எல்லாம் அந்த வரைபடத்தில் இருந்தன. அதைத் தூக்கும் அளவுக்கு எடை குறைந்த, வலுவான எஞ்சின் அன்று உலகத்தில் எங்கும் இல்லை.

அந்த வரைபடத்துக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. பாராட்டியவர்களைவிடக் குறை சொன்னவர்கள் அதிகம். உடல்நோயும் முற்றியது. 1852-இல் நீராவி எஞ்சின் பொருத்திய வான்கப்பலில் பறந்து புகழ்பெற்றிருந்த ஆன்ரி ஜிஃபாரிடம் உதவி நாடினார். அங்கும் கை கொடுக்கப்படவில்லை. தன் வரைபடங்களை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்து அவரிடம் சேர்த்துவிட்டு, 1880 அக்டோபரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30.

இனி அவர் அறியாமல் போன ஒரு செய்தியைச் சொல்கிறோம். அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1878-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மில்ட்டன் ரைட் என்ற கிறித்தவ மதகுரு தன் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் கொண்டு செய்த ஹெலிகாப்டர் அது. பெனோவின் வடிவமைப்பைப் பின்பற்றியது. மூத்தவன் வில்பருக்கு 11 வயது, இளையவன் ஆர்வில்லுக்கு 7 வயது. அது உடையும்வரை விளையாடினார்கள், பிறகு தாங்களே அதைப்போலச் செய்து பார்த்தார்கள். பறப்பதில் தங்களுக்கு ஆர்வம் பிறந்ததற்கு அந்தப் பொம்மையையே பிற்காலத்தில் காரணமாகக் குறிப்பிட்டார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் விமானம் முதல்முறை பறந்தபோது, அது காற்றில் இருந்தது 12 விநாடிகள். கடந்த தூரம் ஏறத்தாழ 36 மீட்டர். துய்லெரி பூங்காவின் 16 கிராம் பொம்மை பறந்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

தோற்றுவிட்டோம் என்று பெனோ நினைத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அவருடைய உழைப்பு கடல் கடந்து இரண்டு சிறுவர்களின் கைக்குப் போய்விட்டது. இன்னும் 23 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால், 53 வயதில் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்.

தன்னுயிரை மாய்ப்பதை நம் மார்க்கம் கடுமையாகத் தடுத்திருக்கிறது. இறையருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதும் அதே மார்க்கத்தின் பாடம். ஆனால் ஆலிம்களாகிய நாம் ஜனாஸா வந்த பிறகு சட்டம் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. தேர்வு முடிவு வரும் வாரத்திலும், கடன்காரன் வாசலில் நிற்கும் நாளிலும், உடல் குறையோடு ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும்போதும் நாம் அங்கே இருந்தாக வேண்டும். பெனோவுக்குத் தேவைப்பட்டது மேதைகளின் சான்றிதழ் அல்ல. இன்று முடியாவிட்டாலும் பரவாயில்லை, உன் வேலை வீண்போகாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள்.

நம் தெருக்களிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய வானொலியைப் பிரித்துப் போடுகிறவன், பாடப் புத்தகத்தின் ஓரத்தில் இறக்கை வரைகிறவள். மதிப்பெண் குறைந்ததற்காக அவர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேலி செய்யாதீர்கள். செய்ததைக் கையில் வாங்கிப் பாருங்கள், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். மனம் உடைந்து பேசும் எவரையும் தனியே விடாதீர்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்க ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.