கிரிபென்பெல்ட்: அரசவையிலிருந்து தீவுச் சிறைக்கு

விவிலியத்தில் யோசேப்பு சிறையிலிருந்து எழுந்து எகிப்தின் அதிகாரியானார்; பாரசீக அமைச்சன் ஆமானோ, பிறனுக்கென நாட்டிய தூக்குமரத்தில் தானே தொங்கினான். துரொண்ட்ஹெய்மின் முன்னே கடலில் கிடக்கும் முங்க்ஹோல்மன் தீவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவ்விருவரும் நினைவுக்கு வருவார்கள். அங்கே அடைபட்டிருந்தவர் பேடர் கிரிபென்பெல்ட்.

1635இல் கோப்பன்ஹேகனில் வைன் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மன்னருக்கு வரம்பற்ற அதிகாரம் அளித்த 1665ஆம் ஆண்டு அரச சட்டத்தை எழுதினார். பின்னர் டென்மார்க்-நோர்வே அரசின் தலைமை அமைச்சரானார். 1676இல் அவர்மீது இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. வெட்டுமேடை ஏறிய பின்னரே மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்தது. தீவில் 18 ஆண்டுகள் கழிந்தன. 1698இல் விடுதலையாகி, மறு ஆண்டே துரொண்ட்ஹெய்மில் காலமானார்.

மன்னர் சட்டத்துக்கும் மேலானவர் என்று எழுதியவருக்கு, மன்னரை எதிர்த்து முறையிட ஓர் இடமில்லை. அந்தச் சட்டமே அவர் நாட்டிய தூக்குமரம் என்பேன்.