உடைந்து நின்ற லொறிகளும் கீச்சிரோ டொயோடாவும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோரங்களில், கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும், அதிகாலையில் மீன் ஏற்றக் காத்து நிற்கும் கெப் ரக வாகனங்களுட் பல இருபது வருடங்களைக் கடந்தவை. ஐஸ் பெட்டிகளிலிருந்து ஒழுகும் உப்பு நீர் அடிச்சட்டத்தை அரித்திருக்கும். கதவுகள் கயிற்றின் உதவியால் மூடப்படுவதும் உண்டு. ஆயினும் அவை பேலியகொடை மீன் சந்தைக்குச் சென்று திரும்புகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் இம்மாவட்டத்தின் மீனும் நெல்லும் மரக்கறியும் இத்தகைய பழைய வாகனங்களையும், அவற்றுக்கு உயிர் கொடுத்த கராஜ்களையும், பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பழைய உதிரிப்பாகங்களையும் நம்பியே நகர்ந்தன.

புதிய வாகனங்கள் வந்திறங்கத் தொடங்கியதும் ஒரு வாதமும் உடன் வந்தது. கணினிக் கட்டுப்பாடும், உணரிகளும், தொடுதிரையும், புகையைச் சுத்திகரிக்கும் வடிகட்டியும் கொண்ட புதிய கெப் வாகனத்தை லீசிங்கில் எடுப்பதா, அல்லது எந்த மெக்கானிக்கும் சாவியும் சுத்தியலும் கொண்டு திருத்தக்கூடிய பழையதையே வைத்திருப்பதா? மாதத் தவணை கட்டவேண்டிய ஒரு மீன் வியாபாரிக்கு இது இரசனை சார்ந்த கேள்வி அன்று. வாகனம் இரண்டு நாள் நின்றால் மீன் கெடும். ஒரு மாதம் நின்றால் வாகனமே லீசிங் நிறுவனத்திடம் போய்விடும். இந்த வாதத்தில் அடிக்கடி உச்சரிக்கப்படும் பெயருக்குரிய நிறுவனத்தைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடாவின் வாழ்க்கை, நாம் நினைப்பதைவிடச் சிக்கலான ஒரு விடையைத் தருகின்றது.

அவர் 1894 ஜூன் 11ஆம் திகதி ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில், இன்று கொசாய் நகரத்துள் அடங்கும் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். தறிகளை மேம்படுத்துவதையே வாழ்நாள் தவமாகக் கொண்டவர். குடும்பத்தைக் கவனிக்காத அந்தத் தவத்தைத் தாங்கமாட்டாது, கீச்சிரோ பிறந்து சிறிது காலத்திலேயே தாய் வீட்டை விட்டு வெளியேறினார். பாட்டன் பாட்டியிடமும் பின்னர் சிற்றன்னையிடமும் வளர்ந்த சிறுவன் அதிகம் பேசாதவனாக இருந்ததில் வியப்பில்லை.

சகிச்சியின் கண்டுபிடிப்புகளுள் நமது விடயத்துக்கு வேண்டியது ஒன்றே. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிட வேண்டும் என்பது அது. அதற்கு முன்னைய விசைத்தறிகளுட் பல நூல் அறுந்த பின்னரும் ஓடிக்கொண்டேயிருந்து, பழுதான துணியை முழம் முழமாக நெய்து தள்ளின. அவற்றைக் கண்காணிக்க ஆள் அருகிலேயே நிற்கவேண்டும். சகிச்சி சேர்த்ததும் ஒரு மேலதிகப் பொறிமுறைதான். ஆனால் அது பழுதை மறைப்பதற்கன்றி, பழுது எங்கே என்று தொழிலாளிக்குக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது. நின்ற தறியின் முன் வந்து நிற்பவர் அறுந்த நூலைத் தன் கண்ணாலேயே காண்பார். தன் கையாலேயே முடிவார்.

டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1920இல் வெளியேறிய கீச்சிரோ, அடுத்த ஆண்டு தந்தையின் நூற்பு, நெசவு நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிளாட் சகோதரர்களின் இயந்திரத் தொழிற்சாலையை நேரிற் கண்டார். தந்தையும் மகனும் பிறரும் சேர்ந்து 1924இல் ஜி வகைத் தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினர். ஓட்டத்தை நிறுத்தாமலே ஓடத்தை மாற்றிக்கொள்ளும் தறி அது. விற்பனைக்கு விடுமுன் தம் சொந்த ஆலையிலேயே ஓட்டிச் சோதிக்கவேண்டும் என்பது சகிச்சியின் கண்டிப்பான விதி. தறியின் தரத்துக்குக் கிடைத்த சான்று, 1929 டிசம்பரில் அதே பிளாட் நிறுவனம் ஒரு இலட்சம் பவுணுக்கு அதன் காப்புரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தமையாகும். பத்து வருடங்களுக்குள் மாணவனிடம் ஆசிரியர் வந்து நின்றார். மறு ஆண்டு சகிச்சி காலமானார்.

இதற்கிடையில் ஜப்பானின் வீதிகள் மாறியிருந்தன. 1923ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சி டோக்கியோவின் தண்டவாளங்களைச் சிதைத்தபோது, நகராட்சி அமெரிக்காவிலிருந்து ஃபோர்ட் வாகனங்களை வரவழைத்துப் பஸ்களாக ஓட்டியது. ஃபோர்ட் நிறுவனம் 1925இல் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டர்ஸ் 1927இல் ஒசாக்காவிலும் பொருத்தும் தொழிற்சாலைகளை நிறுவின. தறி நிறுவனத்தின் ஒரு மூலையில் சிறிய பெற்றோல் இயந்திரமொன்றைக் கழற்றிப் பூட்டத் தொடங்கிய கீச்சிரோ, 1933இல் மோட்டார் வாகனப் பிரிவை முறைப்படி ஆரம்பித்தார். செவர்லே கார் ஒன்று வாங்கப்பட்டு ஆணி ஆணியாகப் பிரிக்கப்பட்டது. தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகளுக்கு இயந்திர சிலிண்டரை வார்ப்பது எளிதாக இருக்கவில்லை. வார்த்தவை மீண்டும் மீண்டும் உடைத்துக் கொட்டப்பட்டன.

அவருடைய மனம் சாதாரண மக்களுக்கான காரிலேயே இருந்தது. முதலாவது மாதிரிக் கார் 1935 மே மாதம் தயாராயிற்று. ஆனால் அரசாங்கமும் இராணுவமும் வேண்டியது லொறி. உள்நாட்டில் வாகனம் உற்பத்தி செய்வோருக்கு மட்டுமே அனுமதி வழங்கும் சட்டமொன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது வருமுன் தாம் உற்பத்தியாளர் என்று காட்டியாக வேண்டும். சில மாதங்களிலேயே ஜி-1 என்ற லொறி உருவாக்கப்பட்டது. செவர்லேயைப் பின்பற்றிய இயந்திரமும் ஃபோர்ட்டைப் பின்பற்றிய அடிச்சட்டமும் கொண்ட அது, 1935 நவம்பரில் டோக்கியோவில் அறிமுகம் செய்யப்பட்டது. அந்த அறிமுகத்துக்காக ஓட்டிச் செல்லப்பட்டபோதே, வழியில் லொறியொன்றின் சுக்கான் தொகுதியிலிருந்த பாகமொன்று உடைந்தது.

தந்தையின் விதியை மகன் மீறினார் என்பதே இதன் பொருள். தறி ஆலையில் ஓடித் தேறிய பின் சந்தைக்குப் போனது. லொறியோ சந்தையில்தான் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அச்சு உடைந்தது, பல்சக்கரங்கள் தேய்ந்தன, பாரத்துடன் நடுவீதியில் நின்றது. உறுதிக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருள் உறுதியற்றதாக இருந்ததை அந்நிறுவனமே தன் வரலாற்றில் மறைக்கவில்லை. அவசரத்துக்குக் காரணம் அரசாங்கத்தின் சட்டம் என்று அவருக்காக வாதாடலாம். லொறி வாங்கிய வியாபாரிக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

அதன் பின் அவர் செய்ததிலேயே அவருடைய பெருமை தங்கியிருக்கின்றது. விற்பனைப் பொறுப்பேற்க ஜெனரல் மோட்டர்ஸின் ஜப்பானிய நிறுவனத்திலிருந்து ஷோதாரோ காமியா என்பவர் வந்து சேர்ந்தார். விலை அமெரிக்க லொறிகளைவிடக் குறைவாக, அடக்க விலைக்கும் கீழே வைக்கப்பட்டது. லொறி எங்கே நின்றதோ, இரவாயினும் பகலாயினும், அங்கே திருத்துநர்கள் அனுப்பப்பட்டனர்; செலவை நிறுவனமே ஏற்றது. கீச்சிரோவும் நேரிற் சென்று பார்த்தார். உடைந்த பாகம் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து, ஏன் உடைந்தது என்று ஆராயப்பட்டு, அடுத்த லொறியில் மாற்றப்பட்டது. ஜி-1 மொத்தம் 379 மட்டுமே உற்பத்தியாயின. அவற்றின் பழுதுகளே அடுத்து வந்த மாதிரிகளுக்குப் பாடநூலாயின. நூல் அறுந்த இடத்தைத் தறி தொழிலாளிக்குக் காட்டியதுபோல, லொறி உடைந்த இடத்தை வாடிக்கையாளர் பொறியியலாளருக்குக் காட்டினார்.

நமது வாதத்துக்கு இங்கேயே திரும்பலாம். புதிய தொழில்நுட்பம் எல்லாம் பழுது, பழையவை எல்லாம் உறுதி என்று சொல்வது கராஜ் வாசலில் எடுபடும், உண்மையாகாது. மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் டீசலை மிச்சப்படுத்தியது. பூட்டாத பிரேக் உயிர்களைக் காத்தது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. சேர்க்கப்பட்ட கருவி பழுதானால் அதைக் கண்டுகொள்ளவும் திருத்தவும் கிண்ணியாவில் இருக்கும் மெக்கானிக்கால் இயலுமா? எச்சரிக்கை விளக்கு எரிகின்றது; அதன் பொருளை வாசிக்கும் ஸ்கேனர் அவரிடம் இல்லை, அல்லது இருக்கும் ஸ்கேனருக்கு அந்த மாதிரியின் கணினி பதில் சொல்லாது. உப்புக் காற்றில் ஒரு மின்னிணைப்பு பச்சை பூத்தால் போதும். இயந்திரம் நலமாயிருந்தும் வாகனம் வேகமெடுக்க மறுக்கும். இங்கே வாகனம் பழுதை மறைக்கவில்லைதான். ஆனால் அருகில் நிற்பவருக்கு விளங்காத மொழியில் சொல்கின்றது.

டீசல் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இன்னோர் உதாரணம். நகரங்களின் காற்றுக்கு அது நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளப் போதிய வெப்பமும் கந்தகம் குறைந்த டீசலும் வேண்டும். வாடிக்கும் சந்தைக்கும் இடையே குறுந்தூரம் ஓடி நின்று ஓடும் வாகனத்துக்கு அந்த வெப்பம் எளிதிற் கிடைப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் 2015க்கும் 2020க்கும் இடையில் விற்கப்பட்ட 264,170 டொயோட்டா டீசல் வாகனங்களில் இந்த வடிகட்டித் தொகுதி குறைபாடுடையது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஹைலக்ஸ் வாகனங்களும் அவற்றுள் அடங்கும். தொண்ணூறு வருடங்களுக்கு முன் உடைந்த லொறியைத் தேடிச் சென்ற நிறுவனத்தை, இம்முறை வாடிக்கையாளர்கள் நீதிமன்றத்துக்குத் தேடிச் செல்ல நேர்ந்தது.

கீச்சிரோவின் கதையில் மிகுதியும் உண்டு. குடும்பப் பெயரான டொயோடா 1936இல் வாகனங்களுக்கு டொயோட்டா என மாறியது. 1937 ஓகஸ்ட் 28இல் தனி நிறுவனம் உருவானது. முதல் தலைவர் அவருடைய தங்கையின் கணவர் ரிசாபுரோ. கீச்சிரோ தலைவரானது 1941இல். 1938இல் கொரோமோவில் திறந்த புதிய தொழிற்சாலையில், தேவையான பாகம் தேவையான நேரத்தில் மட்டுமே வந்து சேரவேண்டும் என்ற முறையை அவர் புகுத்த முயன்றார். சேமிப்பு மிச்சமாவது ஒரு பயன். களஞ்சியத்தில் குவியல் இல்லையேல் பழுதான பாகம் ஒளிந்திருக்க இடமில்லை என்பது மற்றொன்று.

யுத்தம் அந்த முயற்சியைக் கலைத்தது. சீனாவை ஆக்கிரமித்த இராணுவத்துக்கு அவருடைய லொறிகள் சென்றன. அதில் அவருக்குப் பங்கில்லை என்று கூற முடியாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதையும், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கியொன்று அன்று அழிந்ததையும் இங்குள்ள மூத்தோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். யுத்தத்தின் இறுதிக் காலத்தில் உலோகப் பற்றாக்குறையால், ஒரே ஒரு முன்விளக்கும் பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக்கும் மரத்தாலான ஓட்டுநர் அறையும் கொண்ட லொறிகள் தயாராயின. எளிமையே உறுதி என்போர் அவற்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். அவை எளிமையானவை, ஆனால் நல்லவை அல்ல.

சரணாகதிக்கு முதல் நாள், 1945 ஓகஸ்ட் 14இல், கொரோமோ தொழிற்சாலையின் ஒரு பகுதி குண்டுவீச்சில் அழிந்தது. யுத்தத்துக்குப் பின் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த எடுத்த கடும் நடவடிக்கைகளால் லொறி விற்பனை வீழ்ந்தது. ஆட்குறைப்புச் செய்யமாட்டோம் என்று தொழிற்சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்த வாக்கு 1950இல் முறிந்தது. 1,600 பேரை விருப்ப ஓய்வில் அனுப்பும் திட்டம் முன்வைக்கப்பட, வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. ஜூன் மாதம் கீச்சிரோ பதவி விலகினார். வேலை இழந்தோருடன் தானும் வெளியேறுவதே நியாயம் என்று அவர் கருதினார். சில வாரங்களில் கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்க இராணுவம் ஆயிரக்கணக்கில் லொறிகளைக் கேட்டது, நிறுவனம் நிமிர்ந்தது. இன்னொரு நாட்டின் அழிவினால் கிடைத்த அந்த நிமிர்வைத் தலைவராகக் காண அவர் அங்கே இல்லை.

மீண்டும் தலைமையேற்க அவர் அழைக்கப்பட்டார். கார் உற்பத்தியில் மனம் வைத்து அதற்கு ஆயத்தமாகவும் இருந்தார். ஆனால் நெடுநாள் இரத்த அழுத்த நோயாளியான அவர், 1952 மார்ச் 27ஆம் திகதி, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவினால் தமது 57ஆவது வயதில் காலமானார். கொரோமோ நகரம் 1959இல் டொயோட்டா எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஹைலக்ஸ் என்ற பெயருடைய முதலாவது கெப் வாகனம் 1968 மார்ச்சில் வெளிவந்தது.