தொலைபேசியில் கேட்ட இரைச்சல், பால்வெளியின் மையம்: யார் இந்த கார்ல் ஜான்ஸ்கி?

2022 மே 12. ஆரஞ்சு நிறத்தில் மங்கலான ஒரு வளையம், நடுவில் இருட்டு. நம்முடைய பால்வெளி மண்டலத்தின் மையத்தில் இருக்கும் கருந்துளையின் முதல் படம் என்று உலகம் முழுக்க வெளியானது. உங்கள் ஃபோனிலும் அன்றைக்கு வந்துபோயிருக்கும். அந்தக் கருந்துளையின் பெயர் சஜிடேரியஸ் ஏ ஸ்டார். தனுசு ராசி மண்டலத்தின் திசையில், சுமார் 27,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

அந்தத் திசையிலிருந்து ஏதோ வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒரு வானியலாளர் இல்லை. டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த இளம் இன்ஜினியர். போன் காலில் ஏன் இரைச்சல் வருகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

பெயர் கார்ல் கூத்தே ஜான்ஸ்கி. 1905 அக்டோபர் 22-ம் தேதி, அமெரிக்காவின் ஓக்லஹோமா பகுதியில் உள்ள நார்மன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பொறியியல் பேராசிரியர். தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இயற்பியல் பேராசிரியர் கார்ல் கூத்தேயின் பெயரையே மகனுக்கு வைத்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஜான்ஸ்கி, ஐஸ் ஹாக்கியும் ஆடியவர். ஆனால் படிக்கும்போதே சிறுநீரக நோய் வந்துவிட்டது. கடைசி வரை அது போகவில்லை.

அந்த நோயால் வேலையே கிடைக்காமல் போயிருக்கும். பெல் டெலிபோன் லேப்ஸ் தயங்கியது. ரேடியோ இன்ஜினியராக இருந்த அண்ணன், தெரிந்தவர்களிடம் பேசி வழி செய்தார். 1928-ல், 22 வயதில், நியூஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க் நகர நெருக்கடியை விட கிராமப்புறம் உடம்புக்கு நல்லது என்பதும் அவரை அங்கே அனுப்பியதற்கு ஒரு காரணம்.

மரச்சட்டமும் கார் சக்கரங்களும்

அப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டி போன் பேச ரேடியோ அலைதான் வழி. 1927-ல் இந்த சேவை தொடங்கியபோது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 3 நிமிடம் பேச 75 டாலர். இவ்வளவு காசு கொடுத்துவிட்டு காதில் கரகரவென்று சத்தம் கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? அந்த இரைச்சல் எந்தெந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

ஜான்ஸ்கி ஹோல்ம்டெல் என்ற இடத்தில் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆன்டெனா அமைத்தார். மரச்சட்டம், உலோகக் குழாய்கள், கீழே ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். கூட வேலை பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ராட்டினம். 14.6 மீட்டர் அலைநீளத்தில் வருவதையெல்லாம் ஒரு கருவி காகிதச் சுருளில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

மூன்று வகை இரைச்சல் கிடைத்தது. பக்கத்தில் இடி மின்னல், தூரத்தில் இடி மின்னல். இந்த இரண்டும் புரிந்தது. மூன்றாவது, விடாமல் வரும் லேசான ‘உஸ்ஸ்’. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பலரும் இதை கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு அறிக்கையை முடித்திருப்பார்கள். அவர் ஒதுக்கவில்லை.

4 நிமிட வித்தியாசம்

1931 டிசம்பரில் அந்தச் சத்தம் சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வருவது போலத் தெரிந்தது. சரி, சூரியன்தான் என்று நினைத்தார். ஆனால் வாரங்கள் போகப் போக சத்தம் சூரியனை விட்டு விலகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உச்சத்துக்கு வந்தது. அதாவது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இல்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை.

இந்தக் கணக்குதான் சாவி. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் 23 மணி 56 நிமிடம். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியன் மறுபடி அதே இடத்துக்கு வர இன்னும் 4 நிமிடம் ஆகிறது. நட்சத்திரங்களுக்கு அந்த 4 நிமிடம் கிடையாது. அப்படியென்றால் சத்தம் வருவது சூரியனிலிருந்து இல்லை. சூரிய மண்டலத்துக்கும் வெளியே, நட்சத்திரங்களோடு சேர்ந்து நிலையாக இருக்கும் ஓர் இடத்திலிருந்து. வானியல் தெரிந்த ஒரு சக ஊழியரின் உதவியோடு ஜான்ஸ்கி திசையைக் கணக்கிட்டார். தனுசு. பால்வெளியின் மையம்.

டிசம்பரில் ஏமாந்ததற்கும் இதுவே காரணம். மார்கழியில் சூரியன் தனுசில் இருப்பதாக நம் பஞ்சாங்கம் சொல்லும், இல்லையா? இரண்டும் அப்போது ஒரே திசையில் இருந்தன, அவ்வளவுதான்.

1933 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில் இதை அறிவித்தார். மே 5 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. பத்து நாள் கழித்து வானொலியிலேயே அந்த இரைச்சலை ஒலிபரப்பினார்கள். அப்போது ஜான்ஸ்கிக்கு 27 வயது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது: இந்த இரைச்சலை நிறுத்த முடியாது, போன் சேவைக்கு பெரிய தொந்தரவும் இல்லை. ஜான்ஸ்கிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஆராய்ச்சியைத் தொடர விடவில்லை என்று குடும்பத்தினர் பின்னாளில் வருத்தப்பட்டார்கள். அவருடைய மேலதிகாரி அதை மறுத்தார். கம்பெனியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அது பொருளாதாரப் பெருமந்த காலம். வானியலாளர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு டெலஸ்கோப் தெரியும், ரேடியோ தெரியாது. தொடர்ந்தவர் க்ரோட் ரீபர் என்ற இன்னொரு ரேடியோ இன்ஜினியர். 1937-ல், சொந்தக் காசில், இல்லினாயில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 9 மீட்டருக்கும் பெரிய டிஷ் ஒன்றைக் கட்டினார்.

ஜான்ஸ்கி 1950 பிப்ரவரி 14 அன்று பக்கவாதத்தால் இறந்தார். வயது 44. மனைவி, இரண்டு குழந்தைகள். ரேடியோ வானியல் என்ற துறை அப்போதுதான் கண் திறந்துகொண்டிருந்தது.

அவர் கேட்டது கருந்துளையையா?

நேரடியாக இல்லை. சமூக ஊடகங்களில் அப்படித்தான் சுற்றுகிறது, ஆனால் அது சரியல்ல. அவர் கேட்டதில் பெரும்பகுதி, பால்வெளியின் காந்தப்புலத்தில் வேகமாகச் சுழலும் எலக்ட்ரான்கள் வெளியிடும் அலை. மையத்தில் அது அடர்த்தி அதிகம். ஆனால் அங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது அதுதான். 1974 பிப்ரவரியில் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் இருவரும் அதே திசையில் புள்ளி போன்ற ஒரு ரேடியோ மூலத்தைக் கண்டார்கள். பிறகு ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் குழுக்கள் தனித்தனியாக பல ஆண்டுகள் அங்குள்ள நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்தன. எஸ்2 என்ற நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். கணக்குப் போட்டால், அந்தச் சின்ன இடத்துக்குள் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை. கருந்துளை தவிர வேறு எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஜான்ஸ்கிக்கு நோபல் கிடைக்கவில்லை. ரேடியோ வானியலுக்கு முதல் நோபல் கிடைத்தது 1974-ல். இறந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. ஆனால் ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு 1973-ல் அவர் பெயரை வைத்தார்கள். மே 2022 படத்தில் உள்ள வளையத்தின் பிரகாசத்தை விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியதும் ஜான்ஸ்கி கணக்கில்தான்.