திரைக்குப் பின்னால் படித்த முத்துலட்சுமி

வெட்டுப்புள்ளி வெளியான அன்று ஹட்டனில் காலையிலிருந்தே மழை. என் தாத்தா உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக உயர்தரம் எழுதியிருந்தாள். தாதியர் பட்டப்படிப்புக்கு நுவரெலியா மாவட்டத்துக்கு வந்த புள்ளியைவிட அவளுடைய இசட் புள்ளி கொஞ்சம்தான் குறைவு. முதல் தடவையும் இப்படித்தான் தவறியது. உம்மா ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வாப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மாத்தளையிலிருந்து வந்திருந்த கலியாணப் பேச்சை மெதுவாக எடுத்தார். தாத்தா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தாதியாக வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் உம்மும்மாவை வைத்தியசாலையில் வைத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தோட்டத்து அக்கா ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குப் பின் காய்ச்சலோடு கிடந்தார். தாதி சிங்களத்தில் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது தாதிக்கு விளங்கவில்லை. நடுவில் நின்று மூன்று நாள் மொழிபெயர்த்தது தாத்தாதான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு படிப்பின் மேல் மனம் போகவில்லை.

அந்த வாரம்தான் கல்லூரி நூலகத்திலிருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன். உண்மையில் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்காக எடுத்தது. போட்டியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30இல் தென்னிந்தியாவின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, அங்குள்ள மகாராஜாக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படும் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்தைத் தந்தையின் உறவினர் ஏற்கவில்லை. ஆகவே அந்தப் பிள்ளை படிக்கப் போனபோது ஊர் இரண்டு விஷயங்களைப் பார்த்தது: அவர் பெண், அதோடு இன்னாரின் மகள். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். தந்தை வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 1902இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மெற்றிக்குலேசன் எழுதிச் சித்தியடைந்தார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை எழுதினால் தாத்தாவும் தனிப்பட்ட பரீட்சார்த்திதான். அந்தச் சொல்லையே அவள் ஒரு குறைபோல நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவர் மகாராஜாக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்றார்கள். அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்று எதிர்த்தார்கள். தன் தந்தை அதிபராக இருந்த கல்லூரியின் வாசலிலேயே அவருக்குத் தடை வந்தது. விஷயம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வரைக்கும் போனது. எதிர்ப்பையெல்லாம் தள்ளிவிட்டு அவரைச் சேர்க்கும்படி மன்னர் உத்தரவிட்டார்.

சேர்த்தார்கள், ஆனால் வகுப்பில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை. கல்லூரிக்கு வந்து போனதும் மூடிய வண்டியில். திரை நமக்குப் புதிதல்ல. நாம் மனம் ஒப்பி உடுத்துகிற பர்தா நம்மோடு வீதிக்கு வருகிறது, பரீட்சை மண்டபத்துக்கும் வருகிறது. அவருக்குப் போட்ட திரை அவர் கேட்டு வாங்கியதில்லை. அதற்குப் பின்னாலிருந்து கை உயர்த்தினால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்குமா? கேள்வி கேட்க வேண்டும் என்றால் என்ன செய்திருப்பார்? இதை யாரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியில் படித்த முதற் பெண் முத்துலட்சுமிதான் என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். நானும் பேச்சுப் போட்டியில் அப்படித்தான் சொன்னேன், அது பிழை. 1875இலேயே, அவர் பிறப்பதற்கு முன்பே, மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்ணும் வேறு மூவரும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆகவே சென்னையில் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவருக்குச் சாத்தியிருந்தது சொந்த ஊர்க் கதவு. முதற் பெண் என்று சொல்வதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

புத்தகத்தைத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவள் மன்னரையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. ஆண்டுகளைத்தான் பார்த்தாள். 1902இல் மெற்றிக்குலேசன், 1907இல் மருத்துவக் கல்லூரி. இடையில் படிக்க வேண்டிய இன்டர்மீடியட் இரண்டு வருடப் படிப்பு. மிச்சம் மூன்று வருடம் எங்கே போனது என்று என்னிடம் கேட்டாள். வாசலில் நின்றதிலும் போயிருக்கும், வேறு எதிலும் போயிருக்கும் என்றேன். பிறகு, சென்னைக்குப் போனபோது முத்துலட்சுமிக்கு என்ன வயது என்று விரலில் எண்ணினாள். இருபது முடிந்து இருபத்தொன்றைத் தொடும் வயது. தாத்தாவுக்கு இப்போது இருபது.

1912இல் பதக்கங்களோடு பட்டம் பெற்று, எழும்பூர் அரசினர் மகளிர், குழந்தைகள் வைத்தியசாலையில் பணியில் சேர்ந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினார். இந்தப் பந்தியை மட்டும் தாத்தா வாப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வாப்பா சிரித்துவிட்டு எழுந்து போனார். மாத்தளைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

1927இல் சென்னைச் சட்ட சபையில் உறுப்பினராக அமர்ந்து, அதன் உதவித் தலைவராகவும் தெரிவானார். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்கச் சபையில் போராடினார். தன் தாயின் குலத்தைத் தொடும் விஷயத்தைச் சபை நடுவில் எடுத்துப் பேச எவ்வளவு துணிவு வேண்டும்! முழுமையான சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி திறக்கப்பட்டதும் அவருடைய முயற்சியால்தான். இந்தச் செய்தியை நம் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1930இல் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் புகலிடம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. இருபது வருடங்களுக்கும் மேலாகிய பின்பும் தனக்கு நடந்ததே இன்னும் நடக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். வைத்தியராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல், முத்துலட்சுமிக்கு அறுபத்தேழு வயதானபோது, அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு கட்டில்களோடு திறக்கப்பட்டது. இன்று அது இந்தியாவின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலைகளில் ஒன்று. அவர் 1968 ஜூலை 22இல் காலமானார்.

பல்கலைக்கழகத்துக்காக உயர்தரம் மூன்று தடவைதான் எழுதலாம். தாத்தாவுக்கு மிச்சம் ஒரு தடவை. விண்ணப்பப் படிவத்தை வாப்பாவே டவுனிலிருந்து வாங்கி வந்தார். பௌதிகவியலில்தான் அவளுக்குப் புள்ளி குறைகிறது, அதனால் விடியற்காலை சுபஹுக்குப் பிறகு பழைய வினாத்தாள்களோடு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குளிரில் அடுப்படிதான் வீட்டில் சூடான இடம். புத்தகம் அவளுடைய மேசையில்தான் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்து மூன்று வாரம். நூலகப் பொறுப்பாசிரியை இந்தக் கட்டுரையை வாசித்தால், தண்டப் பணத்தில் கொஞ்சம் குறைப்பார் என்று நம்புகிறேன்.