காவலும் வரவேற்பும்



1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்த புனித அருளானந்தர், இயேசு சபைத் துறவியாகி மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தார். காவியுடுத்தி, மரக்கறி உண்டு, பண்டாரசுவாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவ நாட்டில் வேதியர்களோடு பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். பின்பு ஐரோப்பா சென்றவரைப் போர்த்துக்கல் அரசர் அங்கேயே தங்கச் சொல்லியும், 1690-ல் இந்தியா திரும்பினார். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரே மனைவியோடு வாழத் துணிந்ததால் எழுந்த பகையில் கைதாகி, 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆபத்தை அறிந்தே அவர் தம் உயிரைக் கையளித்தார். ஆனால் பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்ததை மறப்போமா? மேட்டூரில் நாமும் திருவிழா நாள்களில் வாசலில் தன்னார்வலரை நிறுத்துவோம். பக்கக் கதவுகளைப் பூட்டாமல் வைப்போம். கேட்பாரற்ற பையைக் கண்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்வோம். இது விசுவாசக் குறைவல்ல, அன்பின் கடமை.

எனினும், வாசலில் நிற்பவர் புதியவரைக் கைகூப்பியே வரவேற்கட்டும். அந்நியராக வந்த அருளானந்தருக்கும் நம் முன்னோர் கதவைத் திறந்தார்களே!