நவாப் இராஜமாணிக்கம்

பக்த இராமதாஸ் நாடகத்தில் நவாப்பாகத் தோன்றிய புகழே இராஜமாணிக்கம் அவர்கட்கு அப்பெயரை நிலைநாட்டிற்று. சிறுவரைத் திரட்டிப் பயிற்றி, மதுரை ஸ்ரீ தேவி பால விநோத சங்கீத சபாவை நடத்தினார். எம். என். நம்பியார் அங்கு வளர்ந்தவரே.

பாட்டு இனித்தாற் போதும், தெருவுக்கொரு சீலை, காட்டுக்கொரு சீலை என்றிருந்த சபைகள் பல. இவரோ பாட்டுக்கு நிகராகக் காட்சியையும் பேணினார். தசாவதாரம், சம்பூர்ண இராமாயணம், ஏசுநாதர் ஆகிய நாடகங்களில் தந்திரக் காட்சிகள் கண்டோரை மலைக்க வைத்தன.

இதனை வீண் ஆடம்பரம் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். நம் தோட்டத்துக் காமன் கூத்துக்குச் சீன் வேண்டுவதில்லை. கம்பம் ஊன்றிய இடமே கயிலை. ஊரார் முன்பே நம்பி வந்து நிற்கின்றனர். சீட்டு வாங்கி வந்தமரும் நகரத்தாரிடம் அந்நம்பிக்கையை மேடைதான் எழுப்பவேண்டும். சபரிமலை வழிபாடு தமிழ்நாட்டில் அதிகம் பரவாத நாளில், இவர்தம் ஐயப்பன் நாடகம் கானகத்தையும் சந்நிதியையும் கண்முன் நிறுத்திற்று. கண்டோர் பலர் மாலையணிந்தனர். நம்பியாரை முதன்முதல் அம்மலைக்கு அழைத்துச் சென்றவரும் இவரே.

1974-இல் மறைந்தார். கார்த்திகை பிறந்ததும் நம் மலையகத்தில் இருமுடி கட்டுவோருள் இவர் பெயரறிந்தார் மிகச் சிலரே.